தோமா நற்செய்தியின் ஆசிரியரும் நூற்பயனும்

1. முன்னுரை

பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களால் மட்டுமே உயிர் தாங்கி நிற்கும் நூல்கள் தமிழிற் பல. அவற்றுள் தகடூர் யாத்திரை ஒன்று. மொரப்பூரில் புகைவண்டியை விட்டிறங்கி மேற்கே தருமபுரி நோக்கிச் செல்வோர், அந்நூல் பாடிய போர் நிகழ்ந்த பழைய தகடூர் நாட்டின் ஊடாகவே செல்கின்றனர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானது தகடூரை எறிந்த வரலாற்றைக் கூறும் அந்நூல் முழுவதும் நமக்குக் கிடைத்திலது. தொன்மை என்னும் வனப்பிற்குப் பேராசிரியர் அதனை எடுத்துக்காட்டினார். புறத்திரட்டைத் தொகுத்தவர் அதன் செய்யுட்கள் சிலவற்றைக் காத்துத் தந்தார். பொன்முடியாரும் அரிசில்கிழாரும் அதனைப் பாடினர் என்பாரும் உளர்.

நாளை எங்கேனும் ஓர் ஏட்டுப் பரணிலிருந்து தகடூர் யாத்திரை என்னும் பெயருடன் ஒரு சுவடி முழுமையாகக் கிடைக்குமாயின், தமிழாராய்வார் முதற்கண் என்ன வினவுவர்? மேற்கோளாக வந்த செய்யுட்கள் அதன்கண் உள்ளனவா, உள்ளனவாயின் அவ்வாறே உள்ளனவா, ஏட்டிற் காணும் ஆசிரியர் பெயர் நூலொடு பிறந்ததா பின்னர்ச் சேர்ந்ததா, நூல் எவர்பொருட்டு எப்பயன் கருதிச் செய்யப்பட்டது என்பனவே அவ்வினாக்களாகும். இவ்வினாக்கள் அனைத்தும் மற்றொரு நூலைப்பற்றி மெய்யாகவே எழுந்தன. அது தோமாவின் பெயரால் வழங்கும் நற்செய்தி. தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் உள்ளதெனத் தமிழகக் கிறித்தவர் நெடுங்காலமாகப் போற்றி வருதலின், அந்நூலைப்பற்றிய முடிபு நம் நாட்டு வரலாற்றையும் தொடுவதாகின்றது. எனவே அதனைத் தமிழ் நூன்மரபு காட்டும் வழியில் ஈண்டு ஆராய்வாம்.

2. நூல் கிடைத்த வரலாறு

மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பெற்றதும் இப்போலித்துவின் பெயரால் வழங்குவதுமாகிய மறுப்பு நூலொன்று, நாசேனர் என்னும் சமயக் குழுவினர் 'தோமாவின்படி நற்செய்தி' எனும் நூலைக் கையாண்டனர் என்று கூறி, அதிலிருந்து ஒரு கூற்றையும் எடுத்துக்காட்டுகின்றது. ஒரிசனும் அந்நூலின் பெயரைக் குறித்தார். நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசிபியசு, ஏற்கத்தகாத நூல்களின் வரிசையில் அதனை வைத்தார். அதன் பின்னர் நூல் வழக்கொழிந்தது. பெயர் மட்டும் எஞ்சியது.

1897-ஆம் ஆண்டில் கிரென்பெல், அண்டு என்னும் ஆங்கில அறிஞர் இருவரும் எகிப்திலுள்ள ஆக்சிரிங்கசு என்னும் பழைய நகரின் குப்பை மேடுகளை அகழ்ந்தபோது, இயேசுவின் கூற்றுகள் சில எழுதப்பெற்ற கிரேக்கப் பாப்பிரசு ஏடொன்றைக் கண்டெடுத்தனர். 1903-ஆம் ஆண்டில் மேலும் இரு துணுக்குகள் கிடைத்தன. இம்மூன்றும் ஒரே சுவடியின் கூறுகளல்ல. மூன்று வெவ்வேறு படிகளின் எச்சங்கள். அவற்றுள் ஒன்று நில அளவைப் பட்டியல் எழுதிய ஏட்டின் புறத்தே எழுதப்பட்டிருந்தது. எந்நூலின் பகுதிகள் இவை என்பது அன்று உறுதியாக அறியப்படவில்லை.

1945-ஆம் ஆண்டில் மேல் எகிப்தில் நாக் அம்மாதி என்னும் ஊருக்கு அண்மையில் குடியானவர் சிலர் தோலுறையிட்ட பழஞ்சுவடிகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். கொப்திய மொழியில் அமைந்த அச்சுவடிகளுள் இரண்டாவதன்கண், இரண்டாவது நூலாகத் தோமா நற்செய்தி முழுமையாக இருந்தது. சுவடி நான்காம் நூற்றாண்டினது. ஆக்சிரிங்கசுத் துணுக்குகளும் இந்நூலின் கிரேக்கப் பகுதிகளே என்பதை 1952-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பியூச்சு கண்டுணர்ந்தார். 1959-ஆம் ஆண்டில் கொப்திய மூலம் மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பெற்றது.

இனி, மேற்கோளும் நூலும் ஒக்கின்றனவா என நோக்குவாம். மறுப்பு நூல் காட்டும் கூற்றில், தேடுவோன் தன்னை ஏழாண்டு நிரம்பிய சிறாரிடத்தே காண்பான் என்னும் கருத்து உள்ளது. கொப்திய நூலின் 4-ஆம் கூற்றில், முதுமகன் ஒருவன் ஏழு நாட் குழவியிடம் வாழ்வின் இடத்தை வினவுவதாக வருகின்றது. இரண்டும் ஓரினத்தன, எனினும் ஒன்றல்ல. மேலும், கிரேக்க ஏட்டில் 30-ஆம் கூற்றோடு இணைந்து நிற்கும் கல்லும் மரமும் பற்றிய பகுதி, கொப்தியத்தில் 77-ஆம் கூற்றின் இறுதியில் நிற்கின்றது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக் குறட்பாக்களின் வைப்புமுறை மணக்குடவர்க்கும் பரிமேலழகர்க்கும் வேறுபடுதலை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆயின் இங்கு வேறுபாடு வைப்புமுறையோடு நில்லாது, கூற்றின் அமைப்பையும் தொடுகின்றது. படியெடுத்தோர் கையில் இந்நூல் நெகிழ்வுடன் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

3. நூல் தன்னைப்பற்றிக் கூறுவது

ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரம் தெரிவித்தல் வேண்டும் என்பது நம் மரபு. மத்தேயு, மாற்கு ஆகியோர் பெயரால் வழங்கும் நற்செய்திகளின் உள்ளே ஆசிரியர் பெயர் கூறப்படவில்லை. லூக்காவின் நற்செய்தி முன்னுரையொன்று உடையதாயினும், தன் ஆசிரியர் பெயரை அதிற் கூறவில்லை. யோவான் நற்செய்தி, இயேசு அன்பு செலுத்திய சீடர் எனக் குறிப்பாற் சுட்டுகின்றதேயன்றிப் பெயர் கூறிற்றிலது. தோமா நற்செய்தியோ தொடக்கத்திலேயே மூன்று செய்திகளை வெளிப்படையாக உரைக்கின்றது. வாழும் இயேசு மறைவாகக் கூறியவை இவை என்பது ஒன்று. இவற்றை எழுதினவர் திதிமு யூதா தோமா என்பது மற்றொன்று. இவற்றின் பொருளைக் கண்டடைவோன் சாவைச் சுவையான் என்பது மூன்றாவது. நுதலிய பொருளும் ஆக்கியோன் பெயரும் பயனும் இங்கே அமைந்தன. நூற்பெயர் சுவடியின் இறுதியிற் காணப்படுகின்றது.

இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர். இவ்வகை அமைப்பு நமக்குப் புதிதன்று. இறையனார் களவியலுக்கு நூற்பா செய்தோன் ஆலவாய் இறைவன் என்றும், உரை கண்டவர் நக்கீரர் என்றும், அவ்வுரை வழிவழியாக வந்து முசிறியாசிரியர் நீலகண்டனாரை அடைந்தது என்றும் அவ்வுரையே கூறும். அச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் வரலாறாகக் கொள்வார் இன்று அரியர். ஆயினும் அதனைப் பொய்யென ஒதுக்குவாரும் அதன் பயனை இழப்பர். ஒரு கல்வி மரபு தன் தலைமையை எங்ஙனம் நிறுவிற்று என்பதற்கு அதுவே சான்று. தோமா நற்செய்தியின் தொடக்கத்தையும் இந்நோக்கொடு காண்டல் வேண்டும்.

4. பெயராராய்ச்சி

'திதிமு யூதா தோமா' என்னும் பெயரைப் பிரித்து நோக்குவாம். 'தோமா' என்பது அரமேய மொழியில் இரட்டையருள் ஒருவன் எனப் பொருள்படும். 'திதிமு' என்பது அதே பொருளைத் தரும் கிரேக்கச் சொல். எனவே இம்மூன்றனுள் 'யூதா' ஒன்றே இயற்பெயர். ஏனைய இரண்டும் ஒரே சிறப்புப் பெயரின் இரு மொழி வடிவங்கள்.

யோவான் நற்செய்தி தோமாவைத் திதிமு என்றும் கூறுமாயினும், யூதா எனக் கூறிற்றிலது. யூதா தோமா என இணைத்து வழங்குவது சிரியக் கிறித்தவரிடையே காணப்படும் வழக்காகும். யோவான் நற்செய்தியின் பழஞ்சிரிய மொழிபெயர்ப்பொன்று, வேறொரு யூதாவைக் குறிக்குமிடத்தே யூதா தோமா எனப் பெயர்த்துள்ளது. மூன்றாம் நூற்றாண்டில் எதெசா நகரைச் சார்ந்து எழுந்ததாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' என்னும் நூலும் அவரை யூதா தோமா என்றே அழைக்கின்றது. அவர் இயேசுவைப் போன்ற தோற்றமுடைய இரட்டையர் எனவும் கூறுகின்றது. அந்நகரிலேயே தோமாவின் திருவெச்சங்கள் போற்றப்பெற்றன. 384-ஆம் ஆண்டில் எகேரியா என்னும் பெண் பயணி அங்குள்ள தோமாவின் கோயிலைக் கண்டு வழிபட்டார். ஆகவே, நூலிற் காணும் பெயர் வடிவம் நம்மைக் கலிலேயக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லாது, சிரிய நாட்டுக் கல்வி மரபொன்றிடம் அழைத்துச் செல்கின்றது.

திருத்தூதர் தோமாவே தம் கையால் எழுதியிருப்பின், தம்மை இங்ஙனம் ஒரே பொருளுடைய இரு பட்டங்களால் இரு மொழியில் குறித்திருப்பார் என்பது பொருந்துவதாக இல்லை. அவ்வாறு குறிப்பது, அவர் பெயர் பெருமையுற்ற பின்னர், கிரேக்கமும் அரமேயமும் ஒருங்கே வழங்கிய சூழலில் வாழ்ந்தோர்க்கே இயல்பாகும்.

5. மானி சமயத்தார் எழுதினரா?

எருசலேம் ஆயராகிய சிரில் என்பார், நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் போதனைகளில் இந்நூலைக் கண்டித்து, இது பன்னிருவருள் ஒருவராகிய தோமா எழுதியதன்று, மானியின் மாணாக்கருள் அப்பெயருடைய ஒருவன் எழுதியது என்றார். இக்கூற்றின் முற்பகுதி ஆராய்ச்சிக்கு ஒத்ததாயினும் பிற்பகுதி ஒவ்வாது. மானி பிறந்தது 216-ஆம் ஆண்டு. அவர் தம் சமயத்தைப் பரப்பத் தொடங்கியது 240-ஆம் ஆண்டளவில். 1897-இற் கிடைத்த கிரேக்க ஏடு, எழுத்தமைதி கொண்டு 200-ஆம் ஆண்டளவினதாகக் கணிக்கப்படுகின்றது. எழுத்தமைதிக் கணிப்பில் சில பத்தாண்டுகள் முன்பின்னாதல் கூடும் என்பார்க்கும், முன்னர்க் கூறிய மறுப்பு நூல் இந்நற்செய்தியைப் பெயர் சுட்டிக் கூறுதல் தடையாக நிற்கும். ஆதலின் மானி சமயத்தார் இதனை விரும்பிக் கற்றிருக்கலாமேயன்றி ஆக்கினார் அல்லர். பயின்றோரை ஆக்கியோராகக் கொள்ளும் பிழை இதனின் விளைந்தது. நம் இலக்கிய வரலாற்றிலும் இப்பிழை நேர்வதுண்டு.

நூலின் மேல்வரம்பு பற்றி அறிஞர் உடன்படவில்லை. கெல்மட்டு கோசுட்டர் போன்றோர், பிற நற்செய்திகளைச் சாராத மிகப் பழைய கூற்றுகள் இதன்கண் உள்ளன என்பர். சைமன் கேதர்கோல், மார்க்கு குடேக்கர் முதலியோர், மத்தேயு, லூக்கா ஆகிய நற்செய்திகளின் சொல்லாட்சி இதன்கண் படிந்துள்ளமை காட்டி, நூல் இரண்டாம் நூற்றாண்டினது என்பர். ஏப்பிரல் தெகானிக்கு, சிறியதோர் உட்கருவைச் சுற்றிக் காலந்தோறும் கூற்றுகள் சேர்ந்து வளர்ந்த நூல் இது என்பர். யாம் நூலின் அமைப்பை நோக்கியே இதனைத் துணிய வேண்டியுள்ளது.

6. தொகைநிலையும் தொடர்நிலையும்

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை எனத் தண்டியலங்காரம் பகுக்கும். இப்பகுப்பு செய்யுட்கே உரியதாயினும், நற்செய்திகளின் வேறுபாட்டை விளக்க நன்கு உதவுகின்றது. திருச்சபை ஏற்ற நான்கு நற்செய்திகளும் தொடர்நிலை. இயேசுவின் பணியும் பாடும் சிலுவைச் சாவும் உயிர்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் நிகழ்கின்றன. தோமா நற்செய்தி தொகைநிலை. இக்காலப் பதிப்பாளர் 114 எனப் பகுத்த கூற்றுகள் தனித்தனியே நிற்கின்றன. பிறப்பு இல்லை, அற்புதச் செயல்களின் வரலாறு இல்லை, சிலுவைச் சாவும் உயிர்ப்பும் பற்றிய வரலாறு இல்லை. பெரும்பாலான கூற்றுகள் 'இயேசு கூறினார்' என்னும் தொடக்கத்தை மட்டும் கொண்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்கும் மேற்பட்டவை பிற நற்செய்திகளிலும் ஒத்த வடிவிற் காணப்படுவன.

தொகை நூலுக்கு ஆசிரியர் என ஒருவரைக் கூறுதல் எளிதன்று. குறுந்தொகையின் பாடல்களைப் பாடினோர் பலர், தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைப் பாடினோர் ஐவர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர்கிழார். பாடினோர் காலம் ஒன்று. தொகுத்தோர் காலம் மற்றொன்று. பாட்டின் பழமையால் தொகையின் காலத்தையோ, தொகையின் பிற்காலத்தால் பாட்டின் காலத்தையோ துணிதல் முறையன்று. தோமா நற்செய்தியின் காலம்பற்றிய வழக்கில் இருசாராரும் ஒரோவழி இவ்வேறுபாட்டை நெகிழ்த்துவிடுகின்றனர். கூற்றுகளுட் சில முதல் நூற்றாண்டினவாதல் கூடும். தொகை இரண்டாம் நூற்றாண்டில், 200-ஆம் ஆண்டிற்கு முன்னர், பெரும்பாலும் சிரிய நாட்டில் உருப்பெற்றது எனக் கொள்ளுதல் சான்றுகளுக்கு இயைவதாகும்.

அகநானூற்றில் ஒற்றை எண் பெற்றவை பாலையாகவும், ஏனைத்திணைகள் தத்தமக்குரிய எண்ணிலும் வருமாறு அடைவு செய்யப்பட்டுள்ளன. அத்தகைய அடைவு இந்நற்செய்தியில் இல்லை. ஒரு கூற்றிற் பயின்ற சொல் அடுத்த கூற்றிலும் வந்து இரண்டையும் கொளுவுதலே பலவிடத்தும் காணப்படுகின்றது. இது வாய்மொழியாகக் கற்று நினைவிற் கொள்வார்க்கு உதவும் அமைப்பாகும். படிப்படியாகக் கூற்றுகளைச் சேர்த்தற்கும் இடந்தருவதாகும்.

7. கேட்போரும் பயனும்

இத்தொகை எவர்பொருட்டு எழுந்தது? நூலுள் மீண்டும் மீண்டும் வரும் ஒரு சொல் 'தனித்தவர்' என்பது. 16, 49, 75-ஆம் கூற்றுகளில் அது பயில்கின்றது. குடும்பத் தொடர்பைத் துறந்து, உலகை வழிப்போக்கராய்க் கடந்து செல்வோரை நூல் போற்றுகின்றது. சிரிய நாட்டுக் கிறித்தவரிடையே துறவுநெறி மிகப் பழங்காலத்தேயே வலுப்பெற்றிருந்தமையும் இதனோடு ஒத்து நோக்கற்பாலது. ஆட்சி நெடுந்தொலைவில் இல்லை, உள்ளும் புறம்பும் உள்ளது என 3-ஆம் கூற்று அறிவிக்கின்றது. ஆகவே இனி வரவிருக்கும் முடிவை எதிர்நோக்கியிருப்பாரினும், உட்பொருளைத் தேடியறிய முயல்வாரே இதன் கேட்போர் என்பது தெளிவு. நாக் அம்மாதிச் சுவடிகளுள் ஞானவாதியர் நூல்கள் பல உளவாதல் பற்றி இதனையும் அவ்வினத்ததெனக் கொள்வாருமுளர். ஆயின் அவர்க்குரிய உலகத் தோற்றக் கதைகள் இதன்கண் விரித்துரைக்கப்படாமையின், ஒரே பரணில் இருந்தமை கொண்டு ஓரினமெனத் துணிதல் இயலாது.

இனி, ஆசிரியர் பெயருக்கும் நூற்பயனுக்கும் உள்ள இயைபைக் காண்பாம். 13-ஆம் கூற்றில் இயேசு தம்மை எவரோடு ஒப்பிடுவீர் எனச் சீடரை வினவுகின்றார். பேதுருவும் மத்தேயுவும் ஒவ்வோர் ஒப்புமை கூறுகின்றனர். தோமா மட்டும் தம் வாயாற் கூறவொண்ணாது என்கின்றார். அவருக்கு இயேசு தாம் இனி ஆசான் அல்லர் என்று கூறி, மறைவாக மூன்று சொற்களைச் சொல்கின்றார். 108-ஆம் கூற்று, இயேசுவின் வாயினின்று பருகுவோன் அவரைப் போலாவான், அவரும் அவனாவார் என்னும் கருத்தினது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், 'இரட்டையர்' என்னும் பெயர் ஏன் தெரிந்துகொள்ளப்பட்டது என்பது விளங்கும். இந்நூலில் இரட்டையர் என்பது குருதித் தொடர்பைக் குறிக்கும் பெயராக நில்லாது, பொருளுணர்ந்தார் எய்தும் நிலையைக் குறிப்பதாகின்றது. தோமா அந்நிலையை முதலில் எய்தினவர். கற்போன் அடுத்து எய்தக் கூடியவன். ஆசிரியர் பெயரே நூற்பயனை அறிவித்து நிற்கின்றது. எனவே அப்பெயர் எழுதினவனின் கையொப்பம் அன்று. நூல் காட்டும் நெறியின் அடையாளம் என்பது எம் துணிபு. 12-ஆம் கூற்று நீதிமானாகிய யாக்கோபைத் தலைமைக்குச் சுட்ட, அடுத்த கூற்றே தோமாவின் சிறப்பை உரைத்தலும், ஒரு கல்வி மரபு தன் தலைவரைப் பிறருக்கு மேலாக நிறுவியமையைக் காட்டும்.

8. மயிலாப்பூர் மரபும் இந்நூலும்

தோமையார் தமிழகம் போந்தார் என்பதற்கும், திருவள்ளுவர் கிறித்தவ அறத்தைக் கேட்டறிந்தார் என்பதற்கும் இந்நற்செய்தியைத் துணையாகக் காட்டுவார் சிலர். திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்து 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட போப்பு, மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு உரையாடியிருத்தல் கூடும் எனத் தம் முன்னுரையிற் கருதினார். அவர் அம்முன்னுரையை எழுதிய காலத்தில் இந்நூலின் கிரேக்கத் துணுக்குகளும் கிடைத்தில. பின்னர் வந்தோர், குறட்பாவும் குறுவடிவினது, தோமா நற்செய்தியின் கூற்றும் குறுவடிவினது என்னும் ஒப்புமையைக் கண்டு, போப்பு ஊகமாகக் கூறியதற்கு ஆவணம் கிடைத்ததென மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. நூலில் இந்தியாவைப்பற்றிய சொல் ஒன்றும் இல்லை. இந்தியப் பயணத்தை விரித்துரைப்பது 'தோமாவின் பணிகள்' என்னும் வேறு நூல். அதில் வரும் குந்தபோரசு மன்னன் மெய்யாக ஆண்டவன் என்பதை வடமேற்கு இந்தியாவிற் கிடைத்த காசுகளும் தக்த்-இ-பாகிக் கல்வெட்டும் நிறுவின. ஆயினும் அவன் நாடு தமிழகத்திற்கு நெடுந்தொலைவில் உள்ளது. அந்நூலில் மயிலாப்பூர் என்னும் பெயரும் இல்லை. வடிவ ஒப்புமையோ சான்றாகாது. பொருள் சுருங்கச் செப்பும் முதுமொழிகள் எந்நாட்டிலும் தோன்றுவன. அன்றியும், குறளின் அறம் இல்லறத்தை முதலிற் கொண்டு தொடங்குவது. இந்நற்செய்தியோ தனித்தாரை உயர்த்துவது. கேட்போரும் பயனும் வேறாகிய இரு நூல்களை வடிவம் பற்றி ஒன்றாக்குதல், பாயிரம் அறிந்தார் செய்வதன்று.

ஆனால், தோமா நற்செய்தி மயிலாப்பூர் மரபுக்குச் சான்றாகாமையால் அம்மரபு பொய்யென்று கூறுதலும் தவறே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கூறும் கல்லறைச் செய்தி, 1523-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் செய்த அகழ்வு, 1547-ஆம் ஆண்டில் பரங்கிமலையிற் கிடைத்த பகலவி எழுத்துச் சிலுவை, சிரிய மொழியை வழிபாட்டிற் கொண்ட சேரநாட்டுக் கிறித்தவரின் வாய்மொழி வழக்கு ஆகியவை தனியே எடை போடப்பட வேண்டியவை. அவற்றின் வலிமையும் மெலிவும் அவற்றிற்கே உரியன. சிரிய நாட்டில் எழுந்த நூலொன்றின் தலைப்பில் உள்ள பெயர் அவற்றைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

9. முடிபு

மேற்கூறியவற்றால், தோமா நற்செய்தி என்பது பழைய கூற்றுகள் பலவற்றைத் தன்னுட் கொண்டு, இரண்டாம் நூற்றாண்டில் சிரிய மரபினர் தொகுத்த தொகைநிலை நூல் என்பதும், தோமா என்னும் பெயர் அம்மரபின் தலைமைப் பெயர் என்பதும், உட்பொருளைத் தேடிக் கண்டு ஆசானோடு ஒத்த நிலை எய்துவித்தலே அதன் பயன் என்பதும் பெறப்பட்டன.

அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களையும், ஔவையார் பெயரால் வழங்கும் வேறு வேறு காலத்துப் பாடல்களையும் ஆராயுங்கால், பெயரொன்றே கொண்டு காலத்தைத் துணியலாகாது என நம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அவ்விதி நம் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. பிற நாட்டு நூலொன்று நமக்குப் பெருமை தருவதாகத் தோன்றும்போது அவ்விதியை நெகிழ்த்துவோமாயின், தகடூர் யாத்திரை மெய்யாகவே கிடைக்கும் நாளில் அதனைச் சோதித்தறியும் தகுதியை நாம் இழந்திருப்போம்.